குச்சிக்கு வலப்பக்கம் இரண்டடி

"குச்சி எங்கேங்க?"

மனைவி கேட்டார். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடம் முழுக்க இடுப்புயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. அதன் நடுவே பட்டறைக்காரர் கையில் மண்வெட்டியுடன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதான் நட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"போன வாரம் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போதும் இதையேதான் சொன்னீங்க. அது உங்க நெத்தி மேல இருந்துச்சு."

வாசலில் கார் வந்து நின்றது. பம்ப்செட் கம்பெனியின் தர அதிகாரி வந்துவிட்டார்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நம்மவரைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து வருடமாகக் கிழங்கு மாவையும் கடல்பாசியையும் கிண்டிக் கிண்டி, அவர் கை பிசுபிசுக்காத நாளே கிடையாது. பெட்டிக்குள் பம்ப் ஆடாமல் இருக்கத் தெர்மோகோல் வைக்கிறார்களே, அதற்குப் பதிலாக மண்ணில் மக்கிப் போகும் தகடு ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இன்னும் சரி. புதைத்து வைத்த தகடு தொண்ணூறு நாளில் மக்கியிருந்தால் ஆர்டர் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி முதல் மச்சானின் பிளாஸ்டிக் வாளிக் கடையில் போய் உட்கார வேண்டும். மனைவியிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். மச்சான் நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாராம்.

"வணக்கம் சார். தோண்டிப் பார்த்துடலாமா?" என்றார் அதிகாரி, வந்த வேகத்தில்.

"அதுல ஒரு சின்னச் சிக்கல் மேடம். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டிருந்தேன். அதைக் காணோம்."

"அளவு எழுதி வைக்கலையா?"

"எழுதாம இருப்பேனா?" பசை நோட்டைப் பெருமையாக நீட்டினார்.

அதிகாரி சத்தமாகப் படித்தார். "தகடு ஒன்று, குச்சிக்கு வலப்பக்கம் இரண்டடி. தகடு இரண்டு, குச்சிக்கு இடப்பக்கம் இரண்டடி. தகடு மூன்று, குச்சிக்கு நேர் பின்னால்..." நோட்டை மூடினார். "சுவர்லேர்ந்து எவ்வளவு தூரம்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"சுவர் எங்க போயிடப் போகுதுன்னு விட்டுட்டேன் மேடம்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். புதைத்த அன்று அவர்கள் கம்பெனியிலிருந்து வந்தவர் எடுத்த படம். வெறும் மண், அதில் கட்டைவிரல் பருமனில் முழ நீளத்துக்கு ஒரு குச்சி, குச்சியின் மேல் வந்தவரின் கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். சுவரோ மரமோ எதுவும் படத்தில் இல்லை.

"அவர் வர்றதுக்குள்ள நீங்க குழியை மூடிட்டீங்களாம். தகட்டை அவர் கண்ணால பார்க்கல. குச்சியில மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"குச்சியைப் பக்கத்துப் பட்டறை நாய்தான் தூக்கிட்டுப் போயிருக்கும் மேடம். செருப்பையே விடாது."

"அந்த நாய் செத்து ஆறு மாசமாச்சுங்க," என்றார் மனைவி.

வேறு வழியில்லை. தோண்ட ஆரம்பித்தார் பசை. பத்தாவது வெட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்க, மனைவி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். பொறுத்துப் பார்த்த அதிகாரியும் ஒரு கடப்பாரையை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் அந்த இடமே குண்டும் குழியுமாகிவிட்டது. போன வருடம் தொலைந்துபோன ஸ்பேனர் கிடைத்தது. சந்தோஷப்பட ஏதாவது ஒன்று வேண்டுமே என்று பசை அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"தகடு எங்கேயுமே இல்ல மேடம். அப்போ மக்கிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"புதைக்கவே இல்லைன்னும் அர்த்தம் வருமே சார்." அதிகாரியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் பசைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்களை நான் நம்பறேன். ஆனா மேலிடத்துல எதைக் காட்டுவேன்? ஒரு கூடை மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டவா?"

பசை மண்மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மக்குற பொருளைக் கண்டுபிடிக்க ஒரு மக்குதான் லாயக்குன்னு நெனச்சேன் மேடம். நான் அதுக்கும் லாயக்கில்ல."

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. ஐந்து வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

மனைவி அவர் தோளில் கை வைத்தார். "விடுங்க. வாளிக் கடையிலயும் நீங்க தொலைக்கிறதுக்கு நிறையப் பொருள் இருக்கும்."

அதிகாரி படிவத்தில் 'நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன் சார், இவ்வளவு படிச்சிருக்கீங்க. அடையாளத்துக்கு ஒரு இரும்புக் கம்பியை நட்டிருக்கக் கூடாதா?"

"தேடினேன் மேடம். அவசரத்துக்குக் கம்பி கிடைக்கல." பசை தலையைக் குனிந்துகொண்டார். "தகடு வார்த்தது போகச் சட்டியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. வீணாக்குவானேன்னு அதையே உருட்டிக் காயவெச்சுக் குச்சியா நட்டுட்டேன்."

அதிகாரி கையெழுத்தும் தேதியுமாகக் குச்சி நின்ற படத்தையும் எதிரே கிடந்த வெறும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எழுதியதை அடித்துவிட்டு, "ஆர்டரை எந்தப் பேர்ல போடணும் சார்?" என்று கேட்டார்.