ஜெயித்தவருக்குச் சோதனை

குன்னூர்–ஊட்டி சைக்கிள் பந்தயத்தில் வருடா வருடம் ரெனிஷிடம் தோற்ற கதிர், இம்முறை முதலாவதாக வந்துவிட்டான்.

டாக்டர் சிறுநீர்க் குப்பியை நீட்டினார். “ஊக்கமருந்துச் சோதனைங்க.”

“எனக்கெதுக்குங்க?”

“ஜெயிக்கறவரைச் சோதிக்கணும்னு மனுக் கொடுத்ததே நீங்கதானுங்களே?”

“அது ரெனிஷை மனசுல வெச்சுக் கொடுத்ததுங்க!”

டாக்டர் நீட்டிய கையை மடக்கவில்லை.

“எனக்குக் கோப்பையே வேண்டாமுங்க” என்று கதிர் விலகிக்கொண்டான்.

இரண்டாவதாக வந்த ரெனிஷ் தயங்காமல் குப்பியோடு போனான், கோப்பையோடு திரும்பினான்.

“தொண்டை வறண்டே செத்தேண்ணா. கிளம்பறப்ப எவனோ என்ற பாட்டிலைத் தூக்கிட்டான்” என்றான்.

“அந்தச் சிவப்புத் தண்ணியில என்ன மருந்துடா கலந்த?” கதிர் வாய்தவறிக் கேட்டுவிட்டான்.

ரெனிஷ் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“மருந்தா? பதிமுக மரப்பட்டை போட்டுக் காய்ச்சுன குடிதண்ணிண்ணா! எங்க பந்தலூர்ல கைக்குழந்தைகூடக் குடிக்கும். அதைக் குடிச்சுட்டா கோப்பையை விட்டீங்க?”