கடைசி பஸ்

“கம்பியால இழுக்கிற ரயில், யோகா. எனக்கு மலை உச்சி ஸ்டேஷனில வேலை. கடைசி ரயிலில இறங்கினால்தான் கீழே பஸ் பிடிக்கலாம்.” சுவிஸ் போன புதிதில் கிருஷ்ணராஜ் சொன்னான்.

“விட்டால்?”

“விடியுமட்டும் மேலதான்.”

இந்த மாதம் அவன் அடிக்கடி பஸ்ஸை விட்டான். அங்கே வேறொருத்தி என்றே வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவன் மனைவி யோகேஸ்வரி முடிவுகட்டினாள்.

இன்றும் வீடியோவில், “பஸ்ஸை விட்டிட்டன்” என்றான்.

“பக்கத்தில ஆர்? போனைத் திருப்புங்கோ.”

திருப்பினான். ஆளில்லாத மேடை. பனி. கதவு திறந்தபடி கடைசி ரயில். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கதவு மூடி, வெறுமையாக இறங்கியது.

“ஏன் ஏறேல்லை?”

“ரூமிலயும் ஒருத்தரும் இல்லைத்தானே. இங்க விளிம்பில நிண்டு பள்ளத்தைப் பாப்பன். நல்லாயிருக்கும்.”

அவன் அனுப்பும் காசில் அவன் தங்கையின் கலியாணம் முடியட்டும் என்று வருஷக்கணக்காக விழுங்கி வைத்ததை அவள் சொன்னாள்.

“போதுமப்பா. வீட்டுக்கு வாங்கோ.”