விசில் இல்லாத குரல்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடகரின் ஆறாவது ஆல்பம் வெளியானது. பதினோரு மணிக்குள் பல் லேப் டெக்னீஷியன் அதை இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

“மெட்டெல்லாம் அள்ளுது டாக்டர். மூணாவது பாட்டுக்கு அழுதுட்டேன். ஆனா பாடினது அவர் இல்ல.”

பல் டாக்டர் கையுறையைக் கழற்றினார். “பின்ன, உன் வீட்டுக்காரரா?”

“சிரிக்காதீங்க. பன்னிரண்டு வருஷமா கேக்கறேன். ‘ச’ வர்ற இடத்துல மெல்லிசா ஒரு விசில் விழும். அதுக்கே நாங்க உயிரை விடுவோம். இதுல தேடினாலும் இல்ல. ஆறு மாசமா வாயைத் திறந்து ஒரு பேட்டியும் குடுக்கல. யாரையோ பாடவெச்சு ஏமாத்தறாங்க.”

ரசிகர் மன்றத் தலைவி அவள்தான். நாற்பதாயிரம் பேருக்கான பதிவு போனில் தயாராக இருந்தது: ‘இது போலி. வாங்காதீர்கள்.’

“இரும்மா, அனுப்பிடாதே.” டாக்டர் கதவைச் சாத்தினார். “போன வருஷம் இருநூத்திப் பன்னிரண்டாம் நம்பர்னு ஒரு பல் அச்சு குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து. மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க. கடைசில காத்துகூடப் புகாத மாதிரி பல்லுறை செஞ்சு அடைச்சுக் குடுத்தேன்.”

லேபுக்கு அச்சுகள் எண்ணோடுதான் வரும். பெயர் வராது.

“அது யார் வாய்னு நான் சொல்லக்கூடாது,” என்றார் டாக்டர்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு போனில் இருந்த பதிவை அழித்தாள்.

அன்று மாலை மன்றத்துக்கு ஒரு வரி போயிற்று: ‘குரல் அவருடையதுதான்.’ எப்படித் தெரியும் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் எழுதவில்லை.