இரண்டு வரிசையும் மஞ்சள்

மோனிகா சோதனைத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். புற்றுநோயை வளர்க்கும் நொதியைத் தடுக்க, திருப்பதி ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடமாக அவள் செய்துவரும் மூலக்கூறுகளில் இதில் இருப்பது இருநூற்றுப் பன்னிரண்டாவது. மஞ்சள் சாயம் விட்டால் உயிருள்ள செல் ஊதாவாகும். செத்தது மஞ்சளாகவே நிற்கும். புற்றுச் செல்களின் வரிசை மஞ்சள். பக்கத்தில் நல்ல செல்களின் வரிசையும் மஞ்சள். நல்ல செல்லுக்கு நஞ்சாவது மூலக்கூறில் உள்ள ஓர் அணு வளையம்; அதை எடுத்துவிட்டால் மருந்து நொதியில் ஒட்டாது. அதையும் செய்து பார்த்தாயிற்று. போன் அதிர்கிறது. நகரியிலிருந்து அப்பா, பின்னால் விசைத்தறிகள் தடதடக்கின்றன. "மருந்து வேல செஞ்சிதாம்மா?" என்கிறார். "செஞ்சிது நைனா. நல்லதையும் சேத்து சாவடிச்சிடுச்சி." "அப்போ விட்டுட்டு வந்துடு. எத்தினி வருசம் அங்கியே குந்திக்கினு இருப்பே?" "இன்னும் ஒரே ஒரு அணுவ மாத்திப் பாத்துட்டு வந்துடறேன்." "போன தீவாளிக்கும் இதத்தாம்மா சொன்னே." அவர் குரலில் கோபமில்லை. அவள் போனைத் தோளில் இடுக்கியபடி, அடுத்த மூலக்கூறை வரையப் பென்சிலைத் தேடுகிறாள்.