எதிர்வீட்டுத் திரை

ஜன்னலுக்குத் திரைச்சீலையே வேண்டாம் என்று சன் ஃபிலிம் ஒட்டச் சொன்னவன் வினோதாவின் கணவன்தான். உள்ளேயிருந்து தெரு தெரியும். வெளியேயிருந்து பார்த்தால் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒட்டிய அன்று பட்டப்பகலில் கீழே இறங்கி நின்று அவளே பார்த்தாள். வானமும் ஒரு காக்கையும்தான் தெரிந்தன. "இனி எவன் கண்ணும் நம்ம வீட்டுக்குள்ள வராது" என்றான் அவன்.

இன்று எதிர் பிளாக்கில் இருக்கும் ரெஜினா அக்காவின் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க முதன்முறையாக அங்கே போனாள். பேச்சு வளர்ந்து இருட்டிவிட்டது. "இவ்வளவு காத்து வர்ற ஜன்னலுக்கு எதுக்குக்கா இத்தனை கனமான ஸ்க்ரீன்?" என்று கேட்டபடியே அதனருகில் போய் அதை விலக்கினாள்.

எதிரே வினோதாவின் வீட்டில் டியூப் லைட் எரிந்தது. அந்த வெளிச்சத்தில், ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி ஒன்று அங்கே இருப்பதாகவே தெரியவில்லை. கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். சுவரில் அவன் தட்டோடு விட்டெறிந்த குழம்பின் கறை. ஆணியில் அவளுடைய பூப்போட்ட நைட்டி. நேற்று அந்தச் சுவரோரம்தான், சத்தம் வெளியே கேட்டுவிடாமல் அந்த நைட்டியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, தலையை மறைத்துக் குந்தியிருந்தாள்.

ரெஜினா பின்னால் வந்து, வினோதாவின் முகத்தைப் பார்க்காமல், திரையை இழுத்து மூடினாள்.

"உங்க வீட்ல லைட் போட்டதும் மூடிருவோம்மா. எங்க சின்னது பார்த்துப் பயந்து அழுவுது."