தொப்புளுக்கு வலப்பக்கம்

தொப்புளுக்கு வலப்பக்கம் புடைத்திருந்த மேட்டை நர்ஸ் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஊசி தினமும் இங்கேயேவாய்யா?"

பெரியவர் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி தலையாட்டினார். பிடித்த கை வழக்கம்போல நடுங்கியது. அந்த நடுக்கத்தால்தான் ஊசி போடும் வேலை மனைவியிடம் போனது.

இப்போது சர்க்கரை ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் தலைசுற்றும் அளவுக்கு இறங்குகிறது. கூட வந்திருந்த மகன் முடிவாகச் சொல்லிவிட்டான்: அம்மா கையில்தான் தப்பு என்றால், நாளையிலிருந்து ஊசி போட ஆள் வைத்துவிடலாம்.

பெரியவருக்கு வேறு கை வேண்டாம்.

மனைவி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் கோபப்படவில்லை. "கொழுப்பு செல்லுக்கு இன்சுலின் சொல்றது ஒண்ணுதான். சேர்த்து வெச்சத கரைக்காத, கதவ சாத்திக்கோன்னு. ஒரே இடத்துல தினமும் அதையே சொன்னா, அங்க கொழுப்பு சேர்ந்துக்கிட்டே போகும். அதுக்குள்ள போற மருந்து ஒரு நாள் சீக்கிரம் ரத்தத்துல சேரும், ஒரு நாள் சேரவே நேரமாகும்."

"எங்க வீட்டு அம்மாவும் அப்படித்தான். பழைய டப்பா ஒண்ண வெளிய விடமாட்டா" என்றார் பெரியவர்.

நர்ஸும் மகனும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கதவு திறந்து கிடந்த நாட்கள் அவருக்கு மறக்கவில்லை. நோய் வந்த புதிதில் உடம்பில் இன்சுலின் வற்றிப்போய், சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கேட்பாரில்லாமல் கரைந்தது. பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் போனது. ஆணியில் மாட்டியதுபோலச் சட்டை தொங்கியது.

அவள் போட்ட ஊசிகள்தான் கதவைச் சாத்தின. சதை திரும்பி வந்தது. அந்த மேடும் அவள் கைவேலைதான். தினமும் பிரார்த்தனையில் அதற்கும் சேர்த்துத்தான் கடவுளுக்கு நன்றி சொல்வார்.

"நீங்க போடறத கொஞ்சம் காட்டுங்கம்மா."

மனைவி ஊசிப் பேனாவைக் காதருகே வைத்துத் திருகினாள். டிக், டிக். ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அளவு அச்சுப் பிசகாமல் இருந்தது.

பிறகு மனைவியின் இடது கை விரல் அவர் வயிற்றில் மெல்ல ஊர்ந்தது. மேட்டைத் தொட்டதும் நின்றது.



நர்ஸ் அந்தக் கையைத் தன் கையால் மூடி, மேட்டைத் தாண்டி இடப்பக்கம் கொண்டுபோனாள். தொப்புளிலிருந்து மூன்று விரல் அளக்க வைத்தாள். நாளைக்கு அதற்குக் கீழே ஒரு விரல், மறுநாள் இன்னும் ஒரு விரல். மேடு தட்டுப்பட்டால் மட்டும் அங்கே வேண்டாம். புது இடத்தில் மருந்து வேகமாகப் பிடிக்கும், டாக்டர் அளவைக் குறைத்துத் தருவார்.

"இனிமே இந்த மேட்ட தேடாதீங்கம்மா. உங்க விரலையே நம்புங்க."

மகன் பக்கம் திரும்பினாள். "அம்மா கையில தப்பில்ல சார். ஆள் வேண்டாம்."

பெரியவர் அவசரமாகச் சட்டையை இறக்கி, குனிந்து பொத்தான் தேடினார். கண் கலங்கியதை மறைக்க அது போதுமானதாக இருந்தது.

கிளம்பும்போது, சுவரோரம் சாய்த்திருந்த, வழி தட்டி நடக்கும் வெள்ளைக் கோலை நர்ஸே எடுத்துவந்து மனைவியின் கையில் கொடுத்தாள்.

அவர் முழங்கையை நீட்டினார். அவள் பற்றிக்கொண்ட பிறகு அது அவ்வளவாக நடுங்கவில்லை.