கறுவலுக்கு என்ன குறை?

“அண்ணனுக்குத் தங்கச்சியைச் சேர்த்து வைக்க நான் கயிறு பிடிக்க மாட்டன். அவவிட்டைச் சொல்லு!”

இராஜரட்ணம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு லாயத்து வாசலை மறித்து நின்றான். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் செவலைப் பெட்டைக் குதிரை, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமல், அவனுடைய சட்டைக் கொலரை மென்றுகொண்டிருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு, மே மாதம். கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே ஹெல்கா என்ற ஐஸ்லாந்துக்காரியின் சின்னப் பண்ணை. தன் நாட்டுக் குதிரைகளை வளர்த்து, பழக்கி, விற்பது அவள் தொழில். லாயத்தில் இராஜரட்ணத்துக்கும், வீட்டு வேலையில் அவன் மனைவி யோகமலருக்கும் வேலை கொடுத்தவள் அவள்தான். இராஜரட்ணத்துக்கு இங்கிலிஷ் வராது. யோகமலருக்கு வரும். கனடாவில் இறங்கிய நாளிலிருந்து அவனுக்கு வாயும் காதும் அவள்தான்.

“உங்களுக்கு விசரே? குதிரைக்கு ஆர் அண்ணன், ஆர் தங்கச்சி?” என்றாள் யோகமலர்.

“ஏன், அவதானே ஒவ்வொரு குதிரைக்கும் பூட்டன் வரைக்கும் பாடமாச் சொல்லுறா? இவளின்ரை தேப்பனும் அந்த ஆண்குதிரை கிரானியின்ரை தேப்பனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஒரு வயித்துப் பிள்ளையள். அப்ப கிரானி இவளுக்கு ஆர்? அண்ணன்!”

யோகமலர் ஹெல்காவிடம் சொன்னாள். ஹெல்கா வாய்விட்டுச் சிரித்தாள். சேற்றுச் சப்பாத்தைச் சுவரில் தட்டிக்கொண்டே பதில் சொன்னாள். யோகமலர் அதைத் தமிழில் சொன்னாள்.

“அந்தப் பரம்பரைக்கு எண்டு ஒரு நடை இருக்காம். மேலை இருக்கிற ஆள் நிறைஞ்ச கோப்பையைக் கையிலை வைச்சிருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாதாம். ரெண்டு பக்கத்தாலையும் அந்த இரத்தம் வந்தால் குட்டிக்கு நடை தப்பாதாம்.”

“கோப்பையும் மண்ணாங்கட்டியும்! தேத்தண்ணி சிந்தாமலிருக்க முறை கெடுறதோ?”

“அவையின்ரை தீவிலை எத்தினையோ நூறு வருசமா வெளிக் குதிரையே இறக்கிறேல்லையாம். எல்லாம் ஒண்டுக்கொண்டு சொந்தம்தானாம்.”

“தீவெண்டால் முறை இல்லையோ? நானும் புங்குடுதீவான்தான். எங்கடை தீவிலை சித்தப்பன் மகளைப் பாத்து ஒரு மாதிரிச் சிரிச்சாலே காலை முறிச்சுப்போடுவாங்கள். அதையும் சொல்லு!”

அதையும் சொன்னாள். ஹெல்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ கேட்டாள்.

“அப்ப நீங்கள் தாலியும் எடுத்துக் குடுக்கப் போறியளோ எண்டு கேக்கிறா.”

“நக்கலோ? பனிக்காலம் முழுக்க இவளுக்குத் தண்ணி சூடாக்கிக் குடுத்தவன் நான். குளம்பிலை ஐஸ் கட்டினால் குனிஞ்சிருந்து தட்டிவிட்டவன் நான். அந்த உரிமையிலை சொல்லுறன், விடமாட்டன்.”

ஹெல்காவின் சிரிப்பு நின்றது. கையை நீட்டிக் கயிற்றைக் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. அவள் குரல் உயர்ந்தது.

“நாலு வயசு முடியும்வரைக்கும் முதுகிலை ஒருத்தரையும் ஏத்தாமல், பாத்துப் பாத்து வளர்த்த பெட்டையாம். இவளின்ரை குட்டியை நம்பித்தான் பண்ணையே இருக்காம். இப்பவே கொண்டு போய்க் கிரானியிட்டை விடட்டாம். இல்லாட்டி வேலையை விட்டிட்டுப் போகட்டாம்.” யோகமலர் அவன் கிட்ட வந்து தன் பேச்சாகச் சொன்னாள். “அகதி வழக்கும் முடியேல்லை. பாஷை தெரியாத உங்களுக்கு இனி ஆர் வேலை தருவினம்? யோசிச்சுக் கதையுங்கோ.”

“யோசிச்சுத்தான் கதைக்கிறன். வேலை போனால் போகட்டும். இவளுக்கு வேறை மாப்பிள்ளையே இல்லையோ? அங்காலை கறுவல் நிக்கிறான். இவளின்ரை தாயும் அவன்ரை தேப்பனும் கூடப்பிறந்ததுகள். சொந்த மாமன் மகன்! அவனும் அந்த நடை நடக்கிறான்தானே? அவனிட்டை விடுறதெண்டால் நானே கொண்டு போறன். கறுவலுக்கு என்ன குறை எண்டு கேள்!”

யோகமலர் லாயத்துக் கடைசியில் நின்ற கறுத்தக் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சொல்லன்!”

சொன்னாள். அவன் பேசியது கொஞ்சம்தான். அவள் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நடுவில் ஹெல்கா மெதுவாக ஏதோ கேட்டாள்; யோகமலர் தலையை மட்டும் ஆட்டினாள். ஹெல்கா வெளியே வேலிக்குள் நின்ற கிரானியைப் பார்த்தாள். கறுவலையும் பார்த்தாள். பிறகு பெட்டையின் அறைக் கதவைத் திறந்து, உள்ளே கட்டு என்று இராஜரட்ணத்துக்குக் கை காட்டினாள். யோகமலரின் தோளை ஒரு தடவை இறுக்கிப் பிடித்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“என்னவாம்?”

“கிரானியிட்டை விட மாட்டாவாம். உங்கடை வேலைக்கும் ஒண்டுமில்லையாம்.”

இராஜரட்ணம் நெஞ்சை நிமிர்த்தினான். “பாத்தியே? நியாயத்தை உறுக்கிச் சொன்னால் வெள்ளைக்காரிக்கும் விளங்கும். அப்ப கறுவலிட்டை எப்ப விடுறது?”

“அவனிட்டையும் இல்லை. சொந்தமே இல்லாத குதிரையா வேறை பண்ணையிலை பாக்கப் போறாவாம்.”

“என்ன கதை இது! மாமன் மகனிலை என்ன பிழை கண்டவ?” அவன் மறுபடி சீறினான். “நான் சொன்னதை நீ மாத்திச் சொன்னனியோ?”

“மாத்திச் சொன்னது இண்டைக்கில்லை,” என்றாள் யோகமலர். “எங்கடை ரெண்டாவது பிள்ளையும் செத்த அண்டைக்கு, ‘வெறும் காய்ச்சல்தான்’ எண்டு டொக்டர் சொன்னதா உங்களுக்குச் சொன்னன் பாருங்கோ, அதுதான் மாத்திச் சொன்னது. நான் உங்கடை மாமன் மகள் எண்டதாலை பிள்ளையளுக்கு வந்த நோய் எண்டு அவர் சொன்னதை, இண்டைக்குத்தான் முதல்முதலா வாய் திறந்து ஒராளுக்குச் சொன்னன்.”